சிறுகை அளைந்த பிறகு

புறநானூற்றின் 188ஆம் பாடலைக் கடந்து வராத தமிழ் மாணவி அநேகமாக இருக்க மாட்டாள். பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. பலரை உடன் உட்கார வைத்து உண்ணும் அளவுக்குச் செல்வம் இருந்தாலும், தத்தித் தத்தி வந்து உண்கலத்தில் கையை விட்டு, கீழே போட்டு, மறுபடி அள்ளி, கடித்து, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் ஒரு பிள்ளை இல்லாதவர்கள் வாழ்ந்த நாளுக்குப் பயனில்லை என்கிறான் அரசன். (பிள்ளை இல்லாத பெண்களின் தலையில் இந்தப் பாட்டு எத்தனை நூற்றாண்டுகளாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) 64ஆம் குறளிலும் ஏறக்குறைய இதே காட்சிதான். அங்கே கூழ், குழந்தை கைவிட்டுக் குழப்பியதாலேயே பெற்றவர் நாக்குக்கு அது ருசிக்கிறது. பரிமேலழகர் உரையில் அந்த அதிகாரத்துக்குப் பெயரே ‘புதல்வரைப் பெறுதல்’.

இரண்டு பாடல்களும் எனக்குப் பிடித்தவை. ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தபோது இவற்றுக்கு நயம் பாராட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த வேலையை விட்டுவிட்டு, தாம்பரம் பக்கத்தில் வாடகை வீட்டுக் கூடத்தில் குழந்தைகள் காப்பகம் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது இந்தப் பாடல்களைப் படித்தால் என் கண் குழந்தையிடம் நிற்பதில்லை, தரைக்குப் போய்விடுகிறது. நெய் கலந்த சோறு. காய்ந்துவிட்டால் வெறும் துணிக்கு வராது. முதலில் சுரண்ட வேண்டும், பிறகு வெந்நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். குழந்தையின் கழுத்து மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் பிசுக்கு இறங்கியிருக்கும். பயற்றமாவு போட்டுக் குளிப்பாட்டினால்தான் போகும். அரசன் வீட்டில் இதையெல்லாம் யாரோ ஒருத்தி செய்திருக்கிறாள். அவள் உள்ளே வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

எனக்கு உதவிக்கு வரும் அக்காவிடம், குழந்தைகள் தூங்கும் ஒரு மத்தியானத்தில், இந்தப் பாட்டைப் பொருளோடு சொன்னேன். பாயை மடித்துக்கொண்டே கேட்டவர், “அவரு ராஜா டீச்சர், சொல்லுவாரு. அவரு வூட்டுல எத்தினி பேரு வேலைக்கு இருந்திருப்பாங்க?” என்றார். இந்தக் கேள்வியை எந்த உரையாசிரியரும் கேட்டதாக நான் படித்ததில்லை.

அந்தப் பழைய காட்சிக்கு இப்போது ‘சென்ஸரி பிளே’ என்று பெயர். ஈரமாவு, மணல், களிமண், சேறு, சாயத் தண்ணீர், ஊறவைத்த ஜவ்வரிசி, வேகவைத்த சேமியா எதையாவது ஒரு அகலத் தட்டில் கொட்டிக் குழந்தையைக் கைவிட வைப்பது. தமிழில் எழுதுகிறவர்கள் ‘புலன்சார் விளையாட்டு’ என்கிறார்கள். நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அளைதல். குறளில் வரும் வினைக்கு நெருங்கிய உறவு. ஆனால் வீட்டில் இந்தச் சொல் எப்போது புழங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். “சோத்தை அளையாதே”, “சேத்துல அளையாதே”, “தண்ணியில அளைஞ்சுக்கிட்டே இருக்கியே, சளி பிடிக்கப்போகுது.” அநேகமாக ‘ஆதே’ சேர்ந்துதான் வரும், அநேகமாக அம்மாவின் வாயிலிருந்துதான் வரும். தகப்பன் குரலில் பேசும் பாட்டில் இனிமையாக இருப்பது, அம்மாவின் வாயில் அதட்டலாகிவிடுகிறது. அம்மாவுக்கு ரசனை இல்லாததால் அல்ல. துடைக்கப்போவது அவள்.

இதை வைத்து, அளைவதே தேவையற்ற மேல்தட்டு மோகம் என்று சொல்ல நான் வரவில்லை. எதிர்ப்பக்கம்தான் நிற்கிறேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கையும் வாயும்தான் படிப்பு. காய்ந்த மாவு ஊதினால் பறக்கிறது, தண்ணீர் பட்டதும் ஒட்டுகிறது, இன்னும் தண்ணீர் விட்டால் ஓடுகிறது. இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஒன்றேமுக்கால் வயதில் எங்களிடம் வந்த ஒரு பெண் குழந்தை, ஈரமான எதையும் தொட்டால் கையை உதறி அழுவாள். முதல் வாரம் உலர்ந்த ரவையில் கரண்டி. அப்புறம் ரவையை ஒரு ஜிப் பையில் போட்டுத் தண்ணீர் விட்டு மூடி, பையை வெளியிலிருந்து அமுக்க விட்டோம். ஐந்தாவது வாரம், அவளாகவே ராகிக் கூழில் ஒரு விரலை விட்டு எடுத்து, விரலைப் பார்த்தாள். அழவில்லை. அடுத்த நாள் முழங்கை வரை. இதை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆகவே என் பிரச்சினை அளைதலோடு இல்லை. அளைதலைப் பற்றி எழுதப்படுகிற, பேசப்படுகிற மொழியோடு.

அந்த மொழியின் இலக்கணத்தைக் கவனியுங்கள். காப்பகம் நடத்துபவர்களுக்கான பயிற்சிகள் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன்; குறிப்பேடுகள் தருவார்கள். குழந்தை தொடுகிறது, குழந்தை ஆராய்கிறது, குழந்தை கண்டுபிடிக்கிறது என்று எல்லாம் உயிருள்ள செய்வினை வாக்கியங்கள். பிறகு திடீரென்று வாக்கியம் மாறும்: பொருட்கள் தயாராக வைக்கப்படுகின்றன, இடம் சுத்தம் செய்யப்படுகிறது. எழுவாய் காணாமல் போய்விடுகிறது. செயப்பாட்டு வினைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது யார் என்று இலக்கணம் படித்த பெண் கேட்டே ஆக வேண்டும். இன்னொரு அறிவுரையும் உண்டு: குழந்தை சிந்தும்போது உங்கள் முகத்தில் எரிச்சல் தெரியக் கூடாது. துடைப்பதோடு நிற்கவில்லை, புன்னகைத்துக்கொண்டே துடைக்க வேண்டும்.

நடப்பதைச் சொல்கிறேன். எட்டுக் குழந்தைகள், ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை. மாவு அளைய விட்டால் அவர்கள் உண்மையில் அதில் மூழ்கியிருப்பது இருபது நிமிடம். அதற்கு முன், தார்ப்பாய் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, குழந்தைகளின் மேல்சட்டையைக் கழற்றிப் பழைய பனியனை மாட்டி, ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு துணியும் பாயின் ஓரத்தில் தயாராக வைக்க வேண்டும். வாளியைக் குழந்தைகள் எட்டாத இடத்தில், மூடி போட்டு. ஒரு சாண் தண்ணீர்கூட இல்லாத வாளியில் தலைகுப்புற விழுந்தால் ஒரு வயதுக் குழந்தையால் எழ முடியாது. முடிந்ததும் எட்டு ஜோடி கை, எட்டு ஜோடி கால், நகக்கண், தலைமுடி. பாயை உதறி, கழுவி, காயப்போட்டு, தரையை இரண்டு முறை துடைத்து, பனியன்களை ஊறவைக்க வேண்டும். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இருபது நிமிடத்தின் படத்தைத்தான் பெற்றோருக்கு அனுப்புகிறோம். மிச்சத்தை யாரும் படமெடுப்பதில்லை.

இதற்குள் இன்னொரு வேலை ஒளிந்திருக்கிறது: எது ஆகாது என்று தெரிந்து வைத்திருப்பது. மொச்சை, கொண்டைக்கடலை, பாசிமணி எல்லாம் அழகாக இருக்கும். மூக்கிலும் காதிலும் போகும், தொண்டையில் அடைக்கும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி மணிகளை வீட்டு வாசலுக்குள்ளேயே விடுவதில்லை. விழுங்கினால் குடலுக்குள்ளும் பெருக்கும், அறுவை சிகிச்சை வரை போகும். கடைகளில் கிடைக்கும் கோலமாவில் பெரும்பாலும் கல்மாவு. மூச்சில் போகக் கூடாது. பச்சை மைதாவில் கிருமி இருக்கலாம், வாயில் வைக்கும் வயதுக்கு வறுத்தோ வேகவைத்தோதான் தர வேண்டும். உப்பு நிறையப் போட்டுப் பிசையும் மாவு வாரக்கணக்கில் கெடாது என்று சொல்வார்கள். ஆனால் தின்றுவிடும் குழந்தைக்கு அவ்வளவு உப்பு ஆபத்து. கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை ஒன்று உண்டு, அதற்குத் தனியாகப் பச்சரிசி மாவு. இத்தனையும் தலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது முகத்தில் எரிச்சல் தெரியக் கூடாது.

அழுக்கும் குழந்தையும் சேர்ந்த வரலாற்றைத் தேடிப் போனால் இந்தக் காணாமல்போன எழுவாய் எல்லா இடத்திலும் தட்டுப்படுகிறாள். மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோமாபுரியின் சான் லொரன்ஸோ பகுதியில் தொடங்கிய முதல் ‘குழந்தைகள் இல்லம்’ எதற்காக உருவானது? தொழிலாளர் குடியிருப்பு ஒன்றைப் புதுப்பித்த கட்டட நிறுவனத்துக்கு, பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் சுவரையும் மாடிப்படியையும் பாழாக்குவது தொல்லையாக இருந்தது. அவர்களை ஓர் அறைக்குள் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. கட்டடத்தைக் காப்பாற்றப் பிறந்த பள்ளி என்றுகூடச் சொல்லலாம். மாண்டிசோரி தன் நூலிலேயே அந்த இல்லத்தின் விதிமுறைகளைத் தந்திருக்கிறார். குழந்தையைச் சுத்தமாக அனுப்புவது தாயின் கடமை. குளிக்காமல், அழுக்குச் சட்டையோடு வரும் குழந்தை நீக்கப்படும். பகலெல்லாம் வேலைக்குப் போகும் தாய், விடிகாலையிலும் இரவிலும் துவைத்திருக்க வேண்டும்.

மாண்டிசோரிக்கு நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றுவது, மேசை துடைப்பது, கூட்டுவது, துணி அலசுவது ஆகியவற்றை அவர் பாடமாகவே வைத்தார். ஆண் குழந்தையின் கையிலும் துடைக்கும் துணியைக் கொடுத்தார். 1939இல் அவர் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி நடத்தியதிலிருந்து இந்த முறை நம் ஊருக்கு நன்றாகப் பழக்கம். ஆனால் இன்று மாண்டிசோரி பெயர்ப்பலகை மாட்டிய பல இடங்களில் கண்ணாடி ஜாடிகளும் மர அடுக்குகளும் இருக்கின்றன. துடைப்பது ஆயாம்மா. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு அலமாரியை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பிளே-டோ கதை இன்னும் வேடிக்கை. குழந்தைகள் பிசையும் அந்த வண்ண மாவு முதலில் விளையாட்டுப் பொருளே அல்ல. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு சோப்பு நிறுவனம், நிலக்கரிக் கரி படிந்த சுவர்த்தாளைத் துடைப்பதற்காக விற்ற பிசைமாவு அது. வீடுகளுக்கு எரிவாயு வந்ததும் கரி குறைந்தது, சரக்கு தேங்கியது. மழலையர் பள்ளி நடத்திய கே ஸூஃபால் என்ற பெண், நிறுவன உரிமையாளரின் உறவினர், அதைத் தன் பள்ளிக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். இதைப் பொம்மையாக விற்கலாம் என்ற யோசனை அவருடையது. பெயரை யோசித்ததும் அவரும் கணவரும்தான். 1956வாக்கில் அது கடைக்கு வந்தது, நிறுவனம் பிழைத்தது, உரிமையாளர் பெரும் பணக்காரர் ஆனார். துடைக்கும் பொருளையே சிந்தும் பொருளாக மாற்றியவர், தினமும் எட்டுப் பத்துக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். டப்பாவின் மேல் அவர் பெயர் இல்லை.

மறுபடி நம் இலக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மணலைப் பற்றி அது நிறையப் பேசியிருக்கிறது. சங்கப் பாடல்களில் பெண் குழந்தைகள் வண்டல் அயர்கிறார்கள், மணலில் பாவை செய்கிறார்கள், சிற்றில் கட்டுகிறார்கள், சிறுசோறு ஆக்குகிறார்கள். ஈரமணல் பெண் பிள்ளைகளின் பொருள். ஆண் பிள்ளை அங்கே எதற்கு வருகிறான்? மிதிக்க. கலித்தொகையின் 51ஆம் பாடலில், கபிலர் பாடியது, தெருவில் தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்து, கூந்தல் மாலையைப் பறித்து, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவனை அவள் நினைவுகூர்கிறாள். அவன்தான் பிறகு தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடிக்கிறான். அவள்தான் விக்கல் என்று சொல்லி அம்மாவிடம் மறைக்கிறாள். வகுப்பறையில் இது குறும்பு, இனிய காதல்.

பிள்ளைத்தமிழ் இதை விதியாகவே ஆக்கிவிட்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவம் என்றால் அவன் கட்டுவதில்லை. சிறுமிகள் கட்டியதை அழிக்காதே என்று அவனிடம் கெஞ்சுவது. பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்று வேறு பருவங்கள். அதாவது, அழிப்பது அவன் வளர்ச்சியின் ஒரு படி. கட்டுவது இந்த வழக்கமான வரிசையில் அவளுக்குப் பருவமாகக்கூட வரவில்லை.

இந்த வரிசையில் ஒரே ஒருத்தி மாறிப் பேசுகிறாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் ஆண்டாளும் கண்ணனிடம் சிற்றிலை அழிக்காதே என்றுதான் கெஞ்சுகிறாள், மரபு அதுதான். ஆனால் அங்கே அவள் முதுகு நோவைச் சொல்கிறாள். மணல்வீட்டுக்காக நாளெல்லாம் குந்தியிருந்த முதுகு. எனக்கு அந்த இடத்தில் எப்போதும் நின்றுவிடத் தோன்றும். அரசனின் பாட்டில் நெய்யும் சோறும் கையும் வாயும் இருந்தன, முதுகு இல்லை. ஆண்டாளிடம்தான் விளையாட்டுக்கும் ஓர் உழைப்பு இருக்கிறது, அது எலும்பில் தெரிகிறது. பக்தி உரைகள் அந்த நோவை வேகமாகக் கடந்து தத்துவத்துக்குப் போய்விடுகின்றன. நாம் போக வேண்டியதில்லை.

எங்கள் கூடத்தில் இரண்டாயிரம் வருடப் பழக்கம் மூன்று வயதிலேயே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். மணல் தட்டில் பையன் ஒருவன் மற்றவள் கட்டியதைத் தள்ளிவிட்டால், அழைத்துப்போக வந்த பாட்டி சிரிக்கிறார்: “ஆம்பளப் பிள்ளைல்ல!” பெண் குழந்தை முழங்கை வரை சேறோடு நின்றால் அதே வாசலில் முகம் சுருங்குகிறது. “மிஸ், இவளுக்கு நாளையிலிருந்து இதெல்லாம் வேணாமே. சட்டை போயிடுச்சு, தலையெல்லாம் மாவு” என்று ஒரு அம்மா கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலை எட்டு மணிக்கு விட்டுவிட்டு மாலை ஆறரைக்கு ரயிலில் நசுங்கி வருகிறவர். அந்தத் தலையை அலசிக் காயவைத்து, பின்னி, சட்டையைத் துவைத்து, அதற்குப் பிறகு சமையல். மகள் அளையாமல் இருப்பது அவருக்கு இரவில் அரை மணி நேரத் தூக்கம். மகனை அளைய விடும் வீட்டில் யார் துவைக்கிறார்கள் என்று நான் விசாரித்திருக்கிறேன், அங்கேயும் அம்மாதான். ஆனால் மகனுடைய அழுக்குக்கு ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருப்பதால் துவைப்பது வலிக்கவில்லைபோலும்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 299 நிமிடம் என்பது ஒரு நிமிடம் குறைய ஐந்து மணி. மாவு அளைவது நல்லதா என்ற கேள்விக்குக் குழந்தை மனோதத்துவத்தில் மட்டும் பதில் தேடினால் போதாது. அந்த ஐந்து மணிக்குள் இன்னும் எவ்வளவு திணிக்கலாம் என்பதும் அதே கேள்விதான்.

தண்ணீர் விஷயம் தனி. குறிப்பேடுகள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று நம்புகின்றன, வீட்டுக்குப் பின்னால் புல்வெளியும் ரப்பர் குழாயும் உண்டு என்றும் நம்புகின்றன. 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றவர்கள் பெண்கள். அந்த மாதம் நாங்கள் செய்தது உலர்ந்த விளையாட்டுகள் மட்டும்: தவிடு, வறுத்த ரவை, காய்ந்த வேப்பிலை, உமி. உமி நல்ல பொருள்; கையில் குத்தாமல் குறுகுறுக்கும், விளக்குமாறால் கூட்டினால் ஒரே இடத்துக்கு வந்துவிடும், துடைக்கத் தண்ணீர் கேட்காது. அரிசி ஆலையில் சும்மாவே கொடுத்தார்கள். இப்போதும் வாரம் ஒரு நாள் உமிதான். எந்தக் குறிப்பேட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

மணலைக் காசு கொடுத்து வாங்கி, சலித்து, வெயிலில் காயவைத்துத் தட்டில் கொட்டும்போதெல்லாம் எங்கள் தெருவின் மறுமுனையில் எழும் அடுக்குமாடி கண்ணில் படும். அங்கே எம்-சாண்ட் குவியலில் இரண்டு குழந்தைகள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். கை, வாய், தலை எல்லாம் மணல். அதை யாரும் புலன்சார் விளையாட்டு என்று சொல்வதில்லை. அம்மா சட்டி சுமக்கிறாள், குழந்தையை வைக்க இடமில்லை. 1969இல் தில்லியில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் இதே காட்சியைப் பார்த்துத்தான் மீரா மகாதேவன் ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பைத் தொடங்கினார். 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தளத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. எங்கள் தெருக் கட்டடத்தில் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பெண்களுக்கு மேல் நான் பார்த்ததில்லை. 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டமும் காப்பகம் வைக்கச் சொன்னது ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கு. துணிக்கடையிலும் சின்னக் கிளினிக்கிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்கள் அந்த எண்ணிக்கைக்குக் கீழே விழுந்து, அங்கிருந்து எங்களைப் போன்ற கூடங்களுக்கு வந்து சேர்கிறார்கள். அரசு அங்கன்வாடிப் பணியாளரை இன்னும் ஊழியர் என்று சொல்லாமல் மதிப்பூதியம் தருகிறது. ‘கௌரவ’ விரிவுரையாளராக இருந்த எனக்கு அந்தச் சொல்லின் விலை தெரியும். மதிப்பு என்று எழுதிய இடத்திலெல்லாம் சம்பளம் குறைவு.

அழுக்கைப் பற்றிப் பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் போக முடியாது. சேர்க்கைக்கு வருகிறவர்கள் கூடத்தைப் பார்ப்பார்கள், கழிவறையைப் பார்ப்பார்கள். பிறகு அக்கா உள்ளே போன சமயம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “கால் கழுவி விடுறதெல்லாம் அவங்க சரி. சோறு ஊட்டுறது நீங்கதானே மிஸ்?” என்பார்கள். ஒருவர் இருவர் அல்ல. கேட்டால் சுகாதாரம் என்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய இரண்டு கைகளில் ஒன்று மட்டும் எப்படிச் சுத்தமாகாமல் போகிறது என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். சிந்தியதைத் துடைக்கிற கை கலத்தைத் தொடக் கூடாது என்ற ஏற்பாடு இருக்கிற வரையில், குழந்தைக்கு அளையும் சுதந்திரம் கொடுப்பதாக நாம் பேசுவது பாதிப் பேச்சு. அந்தச் சுதந்திரத்துக்கு அடியில் ஒருத்தியைத் துடைப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். எங்கள் கூடத்தில் ஒரு வாரம் நான் ஊட்டுவேன், அக்கா கழுவுவார். அடுத்த வாரம் மாற்றி. இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு திரும்பி வராதவர்களும் உண்டு.

குழந்தைகளிடமும் துணி இருக்கிறது. ஆளுக்கொரு சின்னத் துண்டு, பழைய வேட்டியைக் கிழித்தது. அளைந்த பிறகு தன் முன்னால் இருப்பதைத் தானே துடைக்க வேண்டும், பையனும் பெண்ணும். நேர்மையாகச் சொன்னால் இதனால் வேலை குறைவதில்லை, கூடுகிறது. மாவு இன்னும் அகலமாகப் பரவுகிறது, துண்டுகள் வேறு துவைக்கச் சேர்கின்றன. பெண் குழந்தைகள் சொல்லாமலே மற்றவர்களின் இடத்தையும் சேர்த்துத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களை நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய வேலை. “அது அவன் இடம். அவன் துடைப்பான். நீ வா” என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்று எண்ணினால் சிரிப்பு வரும்.

இந்த ஜூனிலிருந்து கட்டண அட்டையில் ஒரு வரியைத் தனியாக அச்சிட்டிருக்கிறேன்: ‘விளையாட்டுக்கு முன்னும் பின்னும் சுத்தம் செய்யும் நேரம்: மாதம் 200 ரூபாய்’. எட்டுக் குழந்தைக்கு 1,600. அது முழுக்க அக்காவின் சம்பளத்தில் சேர்கிறது. முதலில் அக்காவே தயங்கினார். “துடைக்கிறதுக்குன்னு போடாதீங்க டீச்சர், வேற பேரு போட்டுக்கலாம்” என்றார். வேறு பெயர் போடவில்லை.

ஒரு அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “துடைக்கிறதுக்குத் தனியாக் காசா மிஸ்? இதெல்லாம் நீங்க பண்றதுதானே?”

“ஆமாம், பண்றதுதான். அதனாலதான் எழுதியிருக்கு” என்றேன்.

ஏழு குடும்பங்கள் கட்டிவிட்டன. ஒரு அம்மா கட்டிவிட்டு, அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போனார், வீட்டுக்காரரிடம் காட்டவாம். எட்டாவது குடும்பம் குழந்தையை இரண்டு தெரு தள்ளி இன்னோர் இடத்துக்கு மாற்றிக்கொண்டது. அங்கே மணல் கிடையாது, மாவு கிடையாது, சுவர் அளவுக்கு டிவி இருக்கிறது, சட்டை அழுக்காவதில்லை. ராகிக் கூழில் ஒரு விரல் விட்டுப் பார்த்த அந்தக் குழந்தைதான் அது. அவளுடைய வேட்டித் துண்டு இன்னும் கொடியில் கிடக்கிறது.